ஆம்புலன்ஸ் குழுவோடு வீடு தேடிப் போய்த் தடுப்பூசி: அமெரிக்காவில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

அமெரிக்காவில் நம்மவர்கள் சிலர் வார இறுதியில் உள்ளூர் ஆம்புலன்ஸ் குழுவில் தன்னார்வலராகப் போகிறார்கள். நானும் இ.எம்.டி. (அவசர மருத்துவ உதவியாளர்) பயிற்சி முடித்து அப்படிச் சேர்ந்தவன்தான். 2021 மார்ச் நடுவில் எங்கள் குழுவுக்கு ஒரு வேலை வந்தது. வீட்டை விட்டு வெளியே வர முடியாதவர்களுக்கு வீட்டுக்கே போய்க் கொரோனா தடுப்பூசி போட வேண்டும். "ஊசிதானே, போட்டுவிடலாம்" என்று தலையாட்டினோம். முதல் ஊசி போட்டபோது மே மாதம் பிறந்துவிட்டது. இடையில் போன வாரங்களை எல்லாம் தின்றது கையெழுத்தும் குளிர்ப்பெட்டியும்தான்.

அடுத்த பெருந்தொற்று எப்போது வருமோ. ஆனால் ஃப்ளூ ஊசி ஒவ்வொரு செப்டம்பர், அக்டோபரிலும் வருகிறது. உங்கள் குழு இந்த வேலையைக் கையில் எடுத்தால், எங்களைப் போல முட்டிமோத வேண்டாம். கீழே உள்ள வரிசையிலேயே செய்யுங்கள். நாங்கள் வரிசை மாற்றிச் செய்துதான் மாட்டிக்கொண்டோம்.

1. யார் ஊசி போடலாம் என்பதை எழுத்தில் வாங்குங்கள்

ஆம்புலன்ஸில் வேலை செய்கிறவர் எல்லோரும் ஊசி போட முடியாது. எந்தச் சான்றிதழ் உள்ளவர் எதைச் செய்யலாம் என்பதை மாநில அவசர மருத்துவ அலுவலகம் வரையறுக்கிறது. 2021 மார்ச்சில் மத்திய சுகாதாரத் துறை, அவசரநிலையில் மருந்து கொடுப்பவர்களை வழக்கிலிருந்து காக்கும் பிரெப் சட்டத்தின் கீழ் இருந்த அறிவிப்பைத் திருத்தி, கொரோனா தடுப்பூசி போடக்கூடியவர்கள் பட்டியலில், இ.எம்.டி.யைவிடக் கூடுதல் பயிற்சி பெற்ற பாராமெடிக்குகளையும் மேல்நிலை இ.எம்.டி.களையும் சேர்த்தது. பல் மருத்துவர்கள், கால்நடை மருத்துவர்கள்கூட அதே பட்டியலில் வந்தார்கள். சில மாநிலங்கள் தனியாகவும் உத்தரவு போட்டன.

நான் அடிப்படை இ.எம்.டி. எங்கள் ஊரில் அப்போது எனக்கு ஊசி போட அனுமதி இல்லை. அதனால் தாள், குளிர்பெட்டி, வண்டி, முகவரிப் பட்டியல் எல்லாம் என் தலையில் விழுந்தன. இதை எழுத முடிவதற்கும் அதுதான் காரணம்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. கொரோனாவுக்கான பொதுச் சுகாதார அவசரநிலை 2023 மே 11 அன்று முடிந்துவிட்டது. "அன்றைக்குப் போட்டோமே, இப்போதும் போடலாம்" என்று கிளம்பிவிடாதீர்கள். எந்த ஊசி, எந்த வயதினருக்கு, யார் போடலாம் என்று மாநில அலுவலகத்துக்கு மின்னஞ்சலில் கேளுங்கள். தொலைபேசியில் "ஓகே" சொன்னவர் அடுத்த மாதம் அந்த நாற்காலியில் இருக்கமாட்டார்.

ஒவ்வொருவருக்கும் ஒரு கோப்பு போடுங்கள். நடப்புச் சான்றிதழ், சி.பி.ஆர். அட்டை, குறிப்பிட்ட தடுப்பூசிக்கான சி.டி.சி. (மத்திய நோய்த் தடுப்பு மையம்) பயிற்சியை முடித்த சான்று, அனுபவமுள்ள நர்ஸ் ஒருவர் முன்னால் ஊசி போட்டுக் காட்டியதற்கான கையெழுத்து ஆகியவை அதில் இருக்க வேண்டும். பயிற்சிக்கு ஒரு மாலை போதும். நர்ஸின் நேரம் கிடைக்கத்தான் எங்களுக்குப் பத்து நாள் ஆனது. அதை முதல் நாளே கேட்டு வையுங்கள்.

2. மூன்று கையெழுத்துகள்

முதலாவது, உங்கள் மெடிக்கல் டைரக்டர், அதாவது குழுவுக்குப் பொறுப்பான மருத்துவர், எழுதித் தரும் நிலை ஆணை. யாருக்குப் போடலாம், யாருக்குக் கூடாது, எவ்வளவு அளவு, ஒவ்வாமை வந்தால் என்ன மருந்து என்பதெல்லாம் அதில் இருக்கும். அது இல்லாமல் குப்பியைத் தொடாதீர்கள்.

இரண்டாவது, தடுப்பூசி வழங்குநர் ஒப்பந்தம். கொரோனா காலத்தில் சி.டி.சி. ஒப்பந்தத்தில் தலைமை மருத்துவரும் அமைப்பின் தலைமை நிர்வாகியும் இருவருமே கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. ஊசி வைக்கும் ஒவ்வோர் இடத்துக்கும் தனிப் படிவம். எங்கள் குழுவின் தலைவர் பகலில் பிளம்பர். அவரிடம் கையெழுத்து வாங்க ஒரு வீட்டின் நிலவறைக்குப் போய் நின்றேன். உள்ளூர்ச் சுகாதாரத் துறையின் ஒப்பந்தத்தின் கீழேயே அவர்கள் ஊசியை நீங்கள் போடுவதாக ஏற்பாடு செய்ய முடிந்தால், கண்ணை மூடிக்கொண்டு அதைத் தேர்ந்தெடுங்கள். சேமிப்பு, கணக்கு, பதிவு எல்லாம் பாதியாகக் குறையும்.

மூன்றாவது, காப்பீட்டு நிறுவனத்தின் கடிதம். உங்கள் குழுவின் பாலிசி நோயாளியை ஏற்றிப் போவதற்கு எடுத்தது. ஆளே ஏற்றாமல் வீட்டுக்குள் ஊசி போடுவது அதில் அடங்குமா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். பிரெப் சட்டம் வழக்கிலிருந்து பெரிய பாதுகாப்பு தந்தது உண்மைதான், ஆனால் வேண்டுமென்றே செய்த தவறுக்கு அது பொருந்தாது. சாதாரண ஃப்ளூ ஊசிக்கு அந்தக் குடையையே நம்பிப் போகாதீர்கள். இந்தக் கடிதத்துக்குக் குறைந்தது இரண்டு வாரம் வைத்துக்கொள்ளுங்கள்.

3. குளிர்பெட்டி

ஐஸ்கிரீம் வைக்கிற பெட்டியில் ஊசியைக் கொண்டுபோக முடியாது. ஃப்ரிட்ஜில் வைக்கும் தடுப்பூசிக்கு 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் வேண்டும். சூடானால் கெடும் என்பது எல்லோருக்கும் தெரியும். உறைந்தாலும் கெடும் என்பதைப் புதியவர்கள் மறந்துவிடுகிறார்கள். ஃப்ரீசரிலிருந்து எடுத்த ஐஸ் பொட்டலத்தை ஃப்ளூ ஊசிப் பெட்டிக்குப் பக்கத்தில் நேராக வைத்தால் மொத்தமும் குப்பைக்குத்தான். தண்ணீர் பாட்டிலை உறையவைத்து, வெளியே எடுத்து, உள்ளே பனிக்கட்டி ஆடுகிற அளவுக்கு உருகியபின் வைப்பதே முறை.

இரண்டு பொருள் வாங்குங்கள். ஒன்று, சான்றிதழோடு வரும் டேட்டா லாகர், அதாவது வெப்பநிலையைத் தானே பதிந்துகொண்டே இருக்கும் கருவி. அதன் உணர்முனை திரவம் போன்ற ஒரு தாங்குபொருளுக்குள் இருக்க வேண்டும், இல்லையென்றால் மூடியைத் திறக்கும்போதெல்லாம் வீணாக அலறும். விலை நூறு டாலருக்கு மேல் இருக்கும், சான்றிதழின் காலாவதித் தேதியைப் பார்த்து வாங்குங்கள். மற்றொன்று, மருந்துக்கென்றே செய்த கையடக்கக் குளிர்பெட்டி. இது ஆயிரம் டாலரைத் தாண்டும். நாங்கள் வாங்கவில்லை, சுகாதாரத் துறையிடம் இரவல் வாங்கினோம். நீங்களும் முதலில் கேட்டுப் பாருங்கள், பலரிடம் சும்மா கிடக்கிறது.

வண்டியின் பின் டிக்கியில் வைக்காதீர்கள், அங்கே வெப்பம் கட்டுக்குள் இருக்காது. பயணமும் முகாமும் சேர்ந்து எட்டு மணி நேரத்துக்குள் முடிய வேண்டும். மணிக்கு ஒருமுறை வெப்பநிலையைப் பார்த்து எழுதுங்கள். வரம்பு தாண்டினால் நீங்களாகவே தூக்கி எறியவும் வேண்டாம், நீங்களாகவே போடவும் வேண்டாம். "பயன்படுத்தாதே" என்று எழுதி ஒட்டி, குளிரிலேயே தனியாக வைத்து, தயாரிப்பாளரையும் சுகாதாரத் துறையையும் கூப்பிடுங்கள். எங்களுக்கு ஒருமுறை லாகர் 9 டிகிரி காட்டியது. நான் எல்லாம் போச்சு என்றே நினைத்தேன். எத்தனை நிமிடம் என்று கணக்குப் பார்த்துவிட்டு, போடலாம் என்றார்கள்.

4. குப்பிக்கும் முகவரிக்கும் ஒரு கணக்கு

அதிகம் யோசிக்க வேண்டிய இடம் இது. ஒரு குப்பியில் பல டோஸ் இருக்கும். முதல் ஊசியைக் குத்தியதும் கடிகாரம் ஓடத் தொடங்கிவிடும். 2021-இல் எங்களுக்கு வந்த மூன்றும் மூன்று விதம். ஜான்சன் ஊசியில் ஒரு குப்பிக்கு 5 டோஸ், குளிரில் வைத்தால் 6 மணி நேரம். ஊதா மூடி ஃபைசரில் 1.8 மில்லி உப்புநீர் கலந்தால் 6 டோஸ், கலந்ததிலிருந்து 6 மணி நேரம். ஆறாவது டோஸ் வர, மருந்து தங்காத வகை சிரிஞ்சு வேண்டும். சாதாரண சிரிஞ்சில் ஐந்தோடு நின்றுவிடும், அந்த மிச்சத்தை இன்னொரு குப்பியின் மிச்சத்தோடு சேர்க்கவும் கூடாது. மாடர்னாவில் தொடக்கத்தில் 10 டோஸ். பத்துப் பேரை ஒரே மூச்சில் வீடு வீடாகப் பிடிப்பது லேசில்லை.

ஒரு வீட்டுக்கு எவ்வளவு நேரம்? நாங்கள் இருபது நிமிடம் என்று போட்டோம். சுத்த அபத்தம். கதவு திறந்து, கையெழுத்து வாங்கி, சட்டைக் கையைக் கழற்றி, ஊசி போட்டு, 15 நிமிடம் உட்கார்ந்து, அடுத்த வீட்டுக்கு ஓட்டிப் போக 45 நிமிடம் ஆகிறது. ஆறு மணி நேரத்துக்கு எட்டு வீடு. அதற்கு மேல் எழுதாதீர்கள்.

சரி, ஐந்து டோஸ் குப்பி, ஐந்து வீடு என்று போட்டால்? ஒரு வீட்டில் காய்ச்சல், இன்னொன்றில் பாட்டி முந்தின நாளே ஆஸ்பத்திரியில் சேர்ந்திருப்பார். இரண்டு டோஸ் வீணாகும். அதனால் பட்டியலை இப்படிப் போடுங்கள். ஒவ்வொரு வீட்டிலும் பார்த்துக்கொள்ளும் மகள், மருமகன், வேலைக்கு வரும் உதவியாளர் ஆகியோரில் யார் இன்னும் போட்டுக்கொள்ளவில்லை என்று முன்பே கேட்டு எழுதுங்கள். மிஞ்சுவது அவர்களுக்குப் போகும். அதற்கும் மேல், கூப்பிட்டால் பத்து நிமிடத்தில் வந்துவிடக்கூடிய நான்கைந்து பேரின் எண்ணைக் கையில் வையுங்கள். உறுதியான வீடுகளை முதலிலும், சந்தேகமானவற்றைக் கடைசியிலும் வையுங்கள். அடுத்த குப்பியைத் திறப்பதா என்று முடிவெடுக்கும்போது எத்தனை பேர் மீதி என்று தெரிந்திருக்கும்.

கிளம்பும் இடத்திலேயே எல்லாச் சிரிஞ்சிலும் மருந்தை ஏற்றிக்கொண்டு போனால் வேகமாக முடியுமே என்று யாராவது சொல்வார்கள். எங்கள் குழுவிலும் சொன்னார்கள். வேண்டாம். குப்பியாகவே எடுத்துப் போய், போடும் இடத்தில் ஏற்றுங்கள்.

எதையும் ஒரே ஊசியை நம்பித் திட்டமிடாதீர்கள். வீடு தேடிப் போகும் வேலைக்கு ஒரே டோஸோடு முடியும் ஜான்சன்தான் வசதி என்று முழுப் பட்டியலையும் அதற்கே போட்டு வைத்தோம். ஏப்ரல் 13 அன்று, அரிதான ரத்த உறைவு காரணமாக அதை நிறுத்தி வைக்கச் சொன்னார்கள். 23-ஆம் தேதி தடை நீங்கியது. ஆனால் பட்டியலில் இருந்த பலர் அதற்குள் "அது வேண்டாம்" என்று சொல்லிவிட்டார்கள். இரண்டாம் டோஸுக்கான தேதிகளோடு எல்லாவற்றையும் மறுபடி எழுத வேண்டியிருந்தது.

5. பணியில் இருக்கும் ஆம்புலன்ஸைத் தொடாதீர்கள்

911 அழைப்புக்காக நிற்கும் வண்டியையோ ஆட்களையோ இதற்கு எடுக்கக் கூடாது. "அழைப்பு வரும்வரை ஊசி போடட்டும்" என்று யாராவது திட்டம் தீட்டுவார்கள். அழைப்பு வரும், பாதியில் திறந்த குப்பியோடு வண்டி ஓடும். தடுப்பூசிக் குழுவுக்குத் தனி ஆள், தனி வண்டி. ஒரு பாராமெடிக், ஒரு இ.எம்.டி., ஒரு சாதாரணக் கார் போதும்.

கார் என்று சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. முதல் வாரம் ஆம்புலன்ஸிலேயே போனோம். விளக்கு போடவில்லை, சத்தம் இல்லை. அப்படியும் பக்கத்து வீட்டார் வாசலில் கூடிவிட்டார்கள். தமிழ்க் குடும்பம் ஒன்றில் பாட்டி கதவைத் திறந்ததும், "ஐயையோ, யாருக்குப்பா என்ன ஆச்சு?" என்று நெஞ்சில் கை வைத்தார். ஊசி போட வந்திருக்கிறோம் என்று சொல்லி, நாடித்துடிப்பு இறங்கக் காத்திருந்ததே தனியாகப் பத்து நிமிடம்.

வரிசையில் நின்று ஊசி போட்டுக்கொள்ளக்கூடியவர்களை மருந்துக்கடைகளும் பெரிய முகாம்களும் நன்றாகவே பார்த்துக்கொள்கின்றன. மாடிப்படி ஏறி, படுக்கையில் இருப்பவரைத் திருப்பி, ஆக்ஸிஜன் குழாயைத் தாண்டி வேலை செய்து பழகியவர்கள் ஆம்புலன்ஸ்காரர்கள். அவர்களைப் பள்ளி மைதானக் கூடாரத்தில் நிறுத்தி வைப்பது வீண் என்பது என் கட்சி. கூடாரத்தில் அவர்களுக்கு ஓர் இடம் உண்டு. அது ஏழாம் படியில்.

6. வீட்டுக்குள்

முந்தின நாள் மாலை கூப்பிட்டு நான்கு கேள்வி கேளுங்கள். காய்ச்சல் உண்டா? இதற்கு முன் எந்த ஊசிக்காவது ஒவ்வாமை வந்ததா? ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறாரா? சம்மதம் சொல்லும் நிலையில் இருக்கிறாரா? மறதி நோய் உள்ளவர் என்றால் சட்டப்படி முடிவெடுக்கும் உரிமை உள்ளவர் யார் என்று கேட்டு, அவரை அந்த நேரத்தில் வீட்டிலோ தொலைபேசியிலோ இருக்கச் சொல்லுங்கள். மகன் வேறு மாநிலத்தில் மீட்டிங்கில் மாட்டிக்கொள்ள, நாங்கள் வாசலில் நின்ற கதை உண்டு.

ரத்தம் உறையாமைக்கு மாத்திரை சாப்பிடுகிறவருக்கும் போடலாம். 23 கேஜ் அல்லது அதைவிட மெல்லிய ஊசி, போட்டபின் தேய்க்காமல் இரண்டு நிமிடம் அழுத்திப் பிடித்தல், அவ்வளவுதான்.

ஊசி போடுகிறவர் நின்றுகொண்டு, உட்கார்ந்திருப்பவருக்குப் போட்டால் ஊசி மேலே ஏறித் தோள் மூட்டில் இறங்கிவிடும். மாதக்கணக்கில் கையைத் தூக்க முடியாது. நாற்காலியை இழுத்துப் போட்டுச் சம உயரத்தில் உட்காருங்கள். தோள் எலும்பின் முனையிலிருந்து இரண்டு மூன்று விரல் கீழே. சட்டையைச் சுருட்டினால் அந்த இடம் தெரியாது, கழற்றச் சொல்லுங்கள். பாட்டிமார்கள் கூச்சப்பட்டால் மருமகளை ஒரு சால்வை பிடிக்கச் சொன்னால் போதும்.

அவசர அனுமதியில் உள்ள ஊசி என்றால் அதற்கான தகவல் தாளைப் போடுவதற்கு முன் கொடுக்க வேண்டும். பயன்படுத்திய ஊசியைப் போடும் பெட்டி எப்போதும் உங்கள் கைக்கெட்டிய இடத்தில், குழந்தை கைக்கு எட்டாத இடத்தில். பயன்படுத்திய ஊசிக்கு மூடி போடாதீர்கள். அந்த வீட்டுக் குப்பைத்தொட்டியில் எதையும் விட்டு வராதீர்கள்.

7. அந்த 15 நிமிடம்

எல்லோரும் 15 நிமிடம், முன்பு கடுமையான ஒவ்வாமை வந்தவர் 30 நிமிடம். கொரோனா ஊசியில் அனாஃபிலாக்ஸிஸ் என்ற உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமை பத்து லட்சம் டோஸுக்கு ஐந்து என்ற அளவில்தான் வந்தது. ஆனால் மயங்கி விழுந்தவர்கள் ஏராளம். முகாமில் மயக்கத்தையும் ஒவ்வாமையையும் பார்த்த மாத்திரத்தில் பிரித்தறியத் தெரிந்தவர் வேண்டும். பெரிய கூடாரத்தில் ஆம்புலன்ஸ்காரருக்கு உரிய நாற்காலி இதுதான். முகம் வெளுத்து, நாடி மெதுவானால் படுக்கவைத்துக் காலைத் தூக்குங்கள். தடிப்பு, மூச்சில் விசில் சத்தம், நாடி வேகம், வாந்தி என்றால் எபிநெஃப்ரின், தொடையின் வெளிப்புறத்தில், உடனே. அலர்ஜி மாத்திரை கொடுத்துப் பார்ப்போம் என்று காத்திருக்கக் கூடாது.

குறைந்தது மூன்று டோஸ் எபிநெஃப்ரின் எடுத்துப் போங்கள். காலாவதித் தேதியைக் கிளம்பும்போது பாருங்கள். காரில் போகும் குழு, ஒவ்வாமை வந்தால் தானே ஏற்றிப் போகாமல் 911-ஐ அழைக்க வேண்டும். இதை எழுதி வைக்காவிட்டால் பழக்கதோஷத்தில் தூக்கிக் காரில் போட்டுவிடுவார்கள்.

8. பணம்

போட்டுக்கொள்பவரிடம் ஒரு சென்ட்கூட வாங்கக் கூடாது என்பது கொரோனா ஒப்பந்தத்திலேயே இருந்தது. விசா நிலை, இன்சூரன்ஸ் எதுவும் தடையில்லை. ஊரிலிருந்து பேரப்பிள்ளையைப் பார்க்க வந்து மாட்டிக்கொண்ட அப்பா அம்மாக்களும் போட்டுக்கொண்டார்கள். மருந்தும், ஊசி, சிரிஞ்சு, பஞ்சு அடங்கிய பெட்டியும் அரசே இலவசமாக அனுப்பியது.

போடும் செலவுக்கு, முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர் 2021 மார்ச் 15 முதல் ஒரு டோஸுக்குச் சுமார் 40 டாலர் கொடுத்தது. ஜூன் 8 முதல், வீட்டுக்கே போய்ப் போட்டால் கூடுதலாக 35. கேட்க நன்றாக இருக்கிறது அல்லவா? ஆம்புலன்ஸ் சேவையாகப் பதிவு செய்த குழு அதே பதிவில் இதற்குப் பில் போட முடியாது. பலருக்கும் தடுப்பூசி மட்டும் போடுகிறவர் (mass immunizer) என்ற தனி வகையில் சேர வேண்டும். நாங்கள் அதைத் தெரிந்துகொண்டபோது பாதி வேலை முடிந்திருந்தது. விண்ணப்பத்தை மூன்று கையெழுத்து வாங்கும் அதே வாரத்தில் போட்டுவிடுங்கள். சுகாதாரத் துறையின் ஊசியை நீங்கள் போடுகிறீர்கள் என்றால், பில் யார் போடுவது என்று ஒரு வரி ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

9. பதிவு

அன்றைக்கே எழுதுங்கள். கொரோனா ஊசியை 24 மணி நேரத்துக்குள் குறிப்பில் ஏற்றி, 72 மணி நேரத்துக்குள் மாநிலத் தடுப்பூசிப் பதிவேட்டுக்கு அனுப்ப வேண்டியிருந்தது. குப்பியின் தொகுதி எண், எந்தக் கை, யார் போட்டது எல்லாம் வேண்டும். பின்விளைவு இருந்தால், அவற்றைத் திரட்டும் மத்திய அரசின் வேர்ஸ் (VAERS) அமைப்புக்குத் தனி அறிக்கை.

நம்மவர் வீடுகளில் இரண்டு இடத்தில் தவறு நடக்கிறது. ஒன்று பிறந்த தேதி. பெரியவர்கள் நாள், மாதம் என்று சொல்வார்கள். இங்கே படிவம் மாதம், நாள். 5-8-1948 என்றால் ஆகஸ்டா மே மாதமா என்று வாய்விட்டுக் கேளுங்கள். மற்றொன்று பெயர். இனிஷியல் கடைசிப் பெயராகிறது, அப்பா பெயர் முதல் பெயராகிறது. முதல் டோஸை ஒரு விதமாகவும் இரண்டாவதை வேறு விதமாகவும் ஏற்றினால் பதிவேட்டில் ஒருவர் இருவராகிவிடுவார். பாஸ்போர்ட்டை எடுத்துவரச் சொல்லி, அதில் உள்ள எழுத்தைப் பார்த்தே எழுதுங்கள். அட்டையைக் கையில் கொடுக்கும் முன் பேரனையோ பேத்தியையோ போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள், அந்த அட்டை இரண்டாம் டோஸுக்குள் எப்படியும் தொலைந்துவிடும்.